கொடியில் கிடந்த விரிப்புகள்

அன்பு மகள் ரெகுலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் காய்ச்சல் சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். என் இடுப்பு எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, கோல் இல்லாமல் பால் பண்ணை வரை நடந்து போய் சீஸ் வாங்கி வருகிறேன். ஆனாலும் நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் நீ இரண்டு தடவை என்னப்பா என்று கேட்டும் ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

மாடி வீட்டு செவ்தியேவை உனக்குத் தெரியும். கொசோவோவிலிருந்து வந்து பதினேழு வருஷமாகிறது, முதியோர் இல்லத்தில் வேலை. இந்த வருஷம் குடியுரிமைக்கு மனுப் போட்டாள். சுற்றியுள்ள மலைகளின் பெயரெல்லாம் கேட்பார்கள் என்று பயந்து பயந்து படித்தாள். அதில் இரண்டு மலை எனக்கே தெரியவில்லை. உங்களுக்கென்ன ஐயா, பொறந்தே பாஸாயிட்டீங்க என்று சிரித்தாள். தேர்வில் நல்ல மதிப்பெண், வேலை செய்யும் இடத்தில் நல்ல பெயர், நம் நாட்டு வழக்கப்படி ஊர்க்கூட்டம் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி.

போன வாரம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. மனுப் போட்டவர் வெளியே இருக்க வேண்டும் என்பது வழக்கம், அதன்படி செவ்தியேவை வெளியே உட்காரவைத்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். நம் கட்டிடத்துக் கீழ்வீட்டு லீன்ஹார்ட் எழுந்தார். ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள், துணி துவைக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாதவங்களுக்கு ஓட்டு எதுக்கு, மார்ச் மாசம் வரிசையா மூணு ஞாயிறு கொடியில வெள்ளை விரிப்பு, தேதியோட குறிச்சு வெச்சிருக்கேன் என்றார். உனக்குத் தெரியுமே, பத்து வயதில் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை நீச்சல் உடையைக் காயப்போட்டதற்கு உன் அம்மா அவர் வீட்டுக்குக் கேக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செவ்தியேவை உள்ளே அழைத்துக் கேட்டார்கள். ஆமா, நான்தான் துவைச்சேன், மன்னிச்சுக்கங்க என்றாள். ஏன் என்று தலைவர் கேட்டதற்கு, அவசரமா இருந்துச்சு என்றாள், அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ரெகுலா, அந்த விரிப்புகள் என்னுடையவை. இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போவதற்குள் படுக்கையிலேயே போய்விடும். உன்னிடம் இதைச் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ள வரும் நர்ஸுக்கு ஞாயிறு விடுமுறை. அந்த மூன்று ஞாயிறும் என் முனகல் கேட்டு செவ்தியே இறங்கி வந்தாள். முகம் சுளிக்காமல் என்னைத் துடைத்துவிட்டு, விரிப்பை மாற்றி, நாற்றம் தங்கக் கூடாதென்று அன்றே துவைத்துப் போட்டாள். இது நமக்குள்ள இருக்கட்டும் ஐயா என்றாள். எண்பது பேர் முன்னால் அவள் அதைக் காப்பாற்றினாள். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என்னோடு பள்ளியில் படித்தவர்கள், தீயணைப்புப் படையில் எனக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள், படுக்கையை நனைக்கிற கிழவன் என்று நினைப்பார்களே என்று எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஆதரவாகக் கை மட்டும் தூக்கினேன். ஆதரவு முப்பத்தெட்டு, எதிர்ப்பு நாற்பத்து நான்கு. அவள் எல்லாரிடமும் விடைபெற்று வீட்டுக்குப் போனாள்.

நீ அங்கிருந்து தபாலில் ஓட்டுச் சீட்டை அனுப்ப மறந்தால் போன் போட்டுத் திட்டுகிற அப்பா நான். வரி கட்டினால், ஓட்டுப் போட்டால், குப்பையைப் பிரித்துப் போட்டால் நல்ல குடிமகன் என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். அது என் விரிப்பு என்று எழுந்து சொல்வதும் அதில் சேர்த்தி என்று அன்றைக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். நேற்று சனிக்கிழமை அவள் கதவைத் தட்டி, துவைக்க ஏதாச்சும் இருக்கா ஐயா, இன்னைக்கே போட்டுடலாம், நாளைக்கு முடியாது பாருங்க என்று சாதாரணமாகக் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று ஞாயிறு. காலையில் என் விரிப்பை நானே துவைத்து லீன்ஹார்ட் சன்னலுக்கு எதிரே கொடியில் போட்டேன். அவர் சன்னலைத் திறந்து, காஸ்பர், இன்னைக்கு என்ன கிழமைன்னு மறந்துபோச்சா என்றார். மறக்கல, அந்த மூணு ஞாயிறும் நனைச்சவன் நான்தான், அதையும் தேதியோட குறிச்சுக்க என்றேன். சன்னலைச் சாத்திக்கொண்டார். ஒற்றை ஆளிடம் சொல்வது பெரிய காரியமில்லை, அது எனக்குத் தெரியும். அவள் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது, அதோடு சேர்க்க மூன்று ஞாயிறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றும் படிப்பேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் கடவுள் துணை இருக்கட்டும். செப்டம்பர் ஓட்டுச் சீட்டைக் காலத்தில் அனுப்பு. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காமல் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு, விரிப்பு வரும் இடத்தையும் விட்டுவிடாதே.

வெட்கத்தோடு,
உன் அப்பா காஸ்பர்