உனக்கு விழுந்த பாடு

மச்சான்,

சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்: இந்த மடலில் இருப்பதை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. என் வாக்குக்கு ஊரில் உள்ள மரியாதை உனக்குத் தெரியும். நான் மழை வருகிறது என்று கத்தினால், கருவாடு காயப்போட்டவர்கள்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்று காலை டீக்கடையில் பால் திரிந்துபோனது. கடைக்காரர் வெறும் கறுப்பு டீயை நீட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். உள்ளங்கைச் சர்க்கரையை நக்கிக்கொண்டு, "இதுதான் மச்சான் தேத்தண்ணி. நீங்கள் குடிக்கிறது பாயாசம்" என்பாய்.

மன்னார்க் கடலையே கலக்கிய மகா மீனவன் நீ. இங்கே அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி வந்து பெயின்ட் அடித்தாய். லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுகளில் பாதிக்கு நிறமும் பெயரும் உன் கைவேலை. படகு மணலில் இருக்கும்வரை உன்னுடையது. தண்ணீரில் இறங்கினால் நீ கரையில். முகாம்காரர் கடலுக்குப் போகக் கூடாது என்பது உத்தரவு.

"ஏன்டா ஊர வுட்டு வந்த?" என்று ஒருநாள் கேட்டேன். குண்டு, பீரங்கி என்று பெரிதாக எடுத்துவிடுவாய் என்று காத்திருந்தேன்.

"முதல்ல கடலுக்குப் போக பாஸ் கேட்டாங்கள். பிறகு பாஸ் இருந்தும் போகாதே எண்டாங்கள். பிறகு வள்ளத்தை எரிச்சாங்கள். கடைசியா வீட்டை ராணுவத்துக்கு எடுத்தாங்கள். நான் ஓடி வரேல்ல மச்சான். நிக்கிறதுக்கு இடமில்லாமப் போச்சு."

நம் நாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கூரை கொடுத்தது, அரிசி கொடுத்தது, உன் மகளைக் காலேஜ்வரை படிக்கவும் விட்டது. ஆனால் எல்லாமே தற்காலிகம். முப்பது வருடத் தற்காலிகம்! அதற்குள்ளேயே உன் மகள் பிறந்தாள், உன் தலை நரைத்தது. திரும்பிப் போக வீடில்லை, இங்கேயே இருந்துவிடக் காகிதமில்லை. ஆள் எண்ண அதிகாரி வரும் நாளில் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை.

பழவேற்காட்டு ஏரி கடலில்லையே, அதற்கு உத்தரவில்லையே என்ற மாபெரும் சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்று குலுக்கிப் போட்டு வைக்கும் முறைக்கு எங்களிடம் பாடு என்று பெயர். பரம்பரைக் குடும்பங்களுக்கு மட்டும்தான். உனக்கும் ஒரு பாடு வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அவன் எந்த வழிடா?" என்றார் ஊர்த் தலைவர்.

"எங்க தாத்தாவோட அக்கா பேரன், தலைவரே."

"இன்னாடா உளர்ற? உங்க தாத்தாவுக்கு அக்காவே கெடயாது."

"திமிங்கிலம் தூக்கினு போயிட்டா அப்புறம் எப்டி இருப்பாங்க? மன்னார்ல எறக்கி வுட்டுச்சு. அங்கியே கல்யாணம் பண்ணிக்கினாங்க."

கூட்டம் உருண்டு சிரித்தது. ஒருவன் மட்டும் முறைத்தான். "நமக்கே எறால் பத்தல, வந்தவனுக்கு எதுக்கு?"

"காட்டுப்பள்ளியாண்டருந்து எடம் பறிபோயி உன் மாமனார் மூட்டையோட வந்தப்போ யாருடா எடம் குடுத்தது?" என்று அவனை அடக்கிவிட்டு, தலைவர் உன் பக்கம் திரும்பினார். "வலை வுடத் தெரியுமா நைனா?"

"ஓம்" என்று தலையாட்டினாய்.

முடிந்தது. உலகத்து நாடுகளெல்லாம் கண்ணாடி மாளிகையில் கூடி வருடக்கணக்கில் பேசுகிற விஷயம், எங்கள் மணலில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

உனக்குப் பாடு விழுந்த நாளும் வந்தது. விடியும்போதே வந்துவிட்டாய், ஆனால் படகில் ஏறவில்லை. அன்றைக்கே முகாமில் கணக்கெடுப்பாம். நேரில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்களாம். எங்கள் கட்டுப்பாட்டிலோ விட்ட பாடு விட்டதுதான். மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"போவாதடா. ஒரு நாள்தான?"

"என்ர பேரை வெட்டினா மகளின்ர பேரும் சேர்ந்து போயிடும். கடைசி வருஷம் படிக்கிறாள்."

முழங்கால் தண்ணீரில் சற்று நேரம் நின்றாய். பிறகு வேட்டியை இறக்கிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாய். நான் என்ன சொல்லியும் நீ திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முகாமுக்கு ஒரு வாளி இறாலோடு வந்தேன். உன் பெயரைச் சொல்லி வலை விட்டேன், ஏரியே வற்றும் அளவுக்கு இறால் ஏறிப் படகு மூழ்கப் பார்த்தது என்று அளந்தேன். நீ சிரித்தாய். ஊராரிடம் வேறு கதை: முதலை ஒன்று வந்து கைகூப்பி, இன்றைக்கு வேண்டாம் ஐயா என்று கெஞ்சியதால் வலையே விடவில்லை என்றேன். பிடித்ததைத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டான் என்றார்கள்.

அடுத்த சுற்று வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த கணக்கெடுப்பில் உன் பெயரை வாசித்தார்களாம். உன் மகள்தான் 'இல்லை' என்று சொன்னாளாம். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் இறக்கி வைக்க முடியாமல் சுமக்கிறேன்.

உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். திமிங்கிலம் பொய். முதலை பொய். ஏரி வற்றியது பொய். வாளியில் இருந்தது பழவேற்காட்டு மார்க்கெட்டில் வாங்கிய இறால். நீ போன பிறகு பொழுது சாயும்வரை உன் இடத்தில் படகை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இறால் துள்ளுகிற பருவத்தில் கிடைத்த பாடு ஒன்றை வீணாக்கினான் என்றால் எந்த மீனவன் நம்புவான்? ஆனால் அன்று வலை நனையவில்லை மச்சான். அது மட்டும் உண்மை.