நெற்றிப் பக்கத்து ஈரம்

8 செப்டம்பர் 1997, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஷெட்டுக்குப் போய், ஏணி வைத்து ஏறி, வண்டியின் கூரை மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஓடுகிறதா, தேங்குகிறதா என்று பார்க்கத்தான். பின்பக்கமாக ஓடியது. நடுவில் காற்றுத் திறப்பைச் சுற்றி மட்டும் கொஞ்சம் நின்றது. அங்கே தகட்டை இன்னும் சற்றுத் தூக்க வேண்டும்.

இத்தனை வருஷம் இந்த ஷெட்டில் கட்டியதெல்லாம் பஸ். இது முதல் முறையாக வீடு. கொள்ளேகால் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று கேட்டது. சின்ன லாரி சேஸி மேல் நர்சுகள் இருவர் தங்க இடம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மருந்து அலமாரி. டிரைவர் தலைக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் படுக்கை. ஆட்கள் அதற்கு ‘நெற்றி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாரக்கணக்கில் நிற்கப் போகிற வண்டி.

வரைபடம் என்னுடையது. என் கணவர் ரோனி இருந்தபோதும் வரைந்தது நான்தான். மூலையில் பெயர் மட்டும் அவருடையது. அவர் போய் இரண்டாவது வருஷம். பிசிக்ஸ் படித்துவிட்டு பஸ் வரைகிறாளே என்று என் அம்மா கடைசி வரை வருத்தப்பட்டாள்.

மத்தியானம் வால்டர் அத்தான் (ரோனியின் அண்ணன், ஷெட்டில் பாதி அவருடையது) மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார்.

“பெங்களூர் டைல்ஸ்காரர் போன் பண்ணார் நிம்மி. ஷெட்டை குடோனா எடுத்துக்கறாராம். நீயும் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எனக்கு முட்டி போச்சும்மா. பஸ்காரனும் இப்ப பெங்களூர்லயே கட்டி வாங்கிக்கறான்.”

“இந்த வண்டி போகட்டும் அத்தான்.”

“போகட்டும். போனதும் சொல்லிடணும். இழுக்கக் கூடாது.”

சரி என்றேன். மனசுக்குள் பாதி சரி முன்பே சொல்லியாயிற்று. எனக்கு இது தொழிலா, அல்லது ரோனியின் நாற்காலிக்குக் காவலா?

11 செப்டம்பர்

கூரைத் தகடு முடிந்தது. ஓடு வேய்வது மாதிரிதான்: மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் ஏற வேண்டும். வண்டி ஓடும் என்பதால் இன்னொன்றும் உண்டு. முன்தகடு பின்தகட்டின் மேல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் எதிர்காற்று மழையைச் சந்துக்குள் தள்ளிவிடும்.

தொட்டையன் மூட்டுகளில் வழக்கம்போல் பட்டி பூச வந்தான். டின்கர், அதாவது தகட்டு வேலையில் இங்கே அவன்தான் பெரிய கை. பஸ்ஸுக்கு அது போதும் என்றேன். மலை வளைவில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது இறுகின பட்டி விரிசல் விட்டுவிடும், உள்ளே ஒட்டும் கறுப்பு டேப் வைத்துத்தான் ரிவெட் அடிக்க வேண்டும் என்றேன்.

“சூயிங் கம் வச்சு வண்டி கட்டறீங்க அக்கா,” என்றான். ஆனாலும் வைத்தான்.

அத்தான் கீழே இருந்து, “பஸ்ல ஒழுகினா பாசஞ்சர் நகர்ந்து உக்காருவான். இதுல நர்ஸம்மா எங்க நகருவாங்க? அக்கா சொல்றதைச் செய்யப்பா,” என்றார். நல்ல மனிதர். களைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

15 செப்டம்பர்

ஜன்னல்கள் பொருத்தினார்கள். சுற்று ரப்பர் நீளம் போதவில்லை, திரும்ப எடுத்து வேறு போடச் சொன்னேன்.

17 செப்டம்பர்

குண்டலுபேட்டை ரூட்டில் ஓடும் எங்கள் பழைய பஸ் ஒன்று பெயின்டுக்கு வந்திருக்கிறது. டிரைவர் சித்தையன் விட்டுவிட்டுப் போனார். சும்மா அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நான் வரைந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் என்ன பார்க்கிறார் என்று ஒரு ஆசை. முன்கண்ணாடிக்கு மேலே பனியன் துணி செருகியிருந்தது. எல்லா டிரைவர்களும் வைத்திருக்கிறார்கள், கண்ணாடி துடைக்க.

20 செப்டம்பர், சனி

வண்டியில் தங்கப் போகிற நர்சுகளில் ஒருத்தி வந்திருந்தாள். மகேஸ்வரி, ஹனூர்க்காரி. முப்பது இருக்கலாம். செருப்பைக் கீழே விட்டுவிட்டு நேராக நெற்றிப் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டாள்.

“ஏனுங்க மேடம், ராத்திரி மழை பேஞ்சா மூஞ்சில சொட்டாதுங்களே?”

“சொட்டாது.”

“அப்படித்தானுங்க ஜீப்புக்காரரும் சொன்னாரு. போன வருசம் தார்ப்பாய்க்கு அடியில கெடந்தோமுங்க. நாங்க நனைஞ்சா தொடைச்சுக்கலாம். மருந்துப் பொட்டியெல்லாம் ஊறி, மேல ஒட்டுன சீட்டு பூராவும் உரிஞ்சு போச்சு. எது என்ன மருந்துன்னே தெரியலீங்க. அத்தனையும் குழி தோண்டிக் கொட்டிட்டோம். அன்னிக்குன்னு பாத்து ஒரு பையன் காய்ச்சலோட வந்தானுங்க. கையில ஒண்ணுமில்ல.”

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை.

“இதுல ஒரு சொட்டு விழாது,” என்று மறுபடியும் சொன்னேன். அத்தான் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டி வேண்டுமாம். தசரா முடிந்ததும் மலைப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும் என்கிறாள்.

24 செப்டம்பர்

பெயின்ட் காய்ந்துவிட்டது. குழாய் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டினோம், எல்லாப் பக்கமும், நிதானமாக. உள்ளே விளக்குடன் நான்.

மருந்து அலமாரியின் மேல் பலகை ஈரம்.

விரலால் தொட்டுப் பார்த்தேன். வியர்வையோ என்று துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். ஈரம்தான்.

நேர் மேலே காற்றுத் திறப்பு. அதுதான் காரணம் என்று அத்தானும் சொன்னார், நானும் சொன்னேன். கழற்றிப் புது டேப் வைத்து மாட்டியாயிற்று.

26 செப்டம்பர்

மறுபடியும் ஈரம். அதே இடம்.

அத்தான் அலமாரிப் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “மேல ஒரு கோட் சீலண்ட் அடிச்சுடலாம். உள்ள மைக்கா ஒட்டிட்டா ஈரம் வெளிய தெரியாது நிம்மி. எப்படியும் இதான் நம்ம கடைசி வண்டி,” என்றார்.

“பலகை ஊறி உப்பிடும் அத்தான்.”

“ஒரு வருசம் ஆகும்.”

தெரியாதாம்! யாருக்குத் தெரியாது? அவளுக்குத் தெரியாதா? மலை மேல, மழையில, பொட்டியைத் தொறந்து பாக்கறப்ப தெரியாதா? கடைசி வண்டின்னா ஒழுகலாமா?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. “ரெண்டு நாள் குடுங்க,” என்று மட்டும் சொன்னேன். கோபத்தில் கைனடிக் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண வராமல் உதைத்துக்கொண்டே நின்றேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

சர்ச் பூசையில் மனம் நிற்கவில்லை. சாமியார் பேசிக்கொண்டிருக்க, நான் கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு கறை, சுவரில்; அதற்கு மேலே வெடிப்பு எதுவும் இல்லை.

தண்ணீர் நுழைந்த இடத்திலேயே சொட்ட வேண்டும் என்று கட்டாயமா? எங்கள் சட்டம் முழுக்க சதுரக் குழாய். அதன் மேல் ஓடி, எங்கு சரிவு முடிகிறதோ அங்கே இறங்கும். நான் சொட்டுகிற இடத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே அனுப்பிப் பார்த்தது போதும். உள்ளிருந்து காற்றை வெளியே அனுப்பினால்?

30 செப்டம்பர்

பெயின்ட் அறை ஃபேனைக் கொண்டுவந்து காற்றுத் திறப்பில் வைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி, சந்துகளில் பேப்பர் டேப் ஒட்டினோம். உள்ளே காற்று ஊத, வெளியே எல்லா மூட்டுகளிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர். ஓட்டை இருந்தால் நுரைக்கும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

கூரை மூட்டு, இல்லை. ஜன்னல்கள், இல்லை. விளக்குகள், இல்லை. தொட்டையன் பாட்டு முனக ஆரம்பித்துவிட்டான்.

நெற்றியின் இடது மூலையில் பொத பொதவென்று நுரை வந்தது. கொக்கியைச் சுற்றி. வலது கொக்கியிலும்.

என்ன கொக்கி?

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பஸ்ஸின் முகத்தில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார்களே, அதைக் கட்டும் கொக்கி. உள்ளே பலகை அடிப்பதற்கு முன்பு தகட்டில் ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். என் வரைபடத்தில் அது இல்லை. எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை. தினம் அதன் கீழேதான் நின்று ஓட்டை தேடினேன்.

“இதை யார் வைக்கச் சொன்னாங்க தொட்டையா?”

“யார் சொல்லணும்? கொக்கி இல்லாத வண்டி உண்டா அக்கா? கன்னை எங்க கட்டுவாங்க, ஸ்டியரிங்லயா?”

“மிஷன் ஆஸ்பத்திரி வண்டிப்பா இது!”

“ஓட்டப் போற டிரைவர் மாதப்பாதானே? அவனுக்கு ஹப்பா, பண்டிகை இல்லையா?”

அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். “ரோனியும் இதைத்தான் முதல்ல கேப்பான்: கொக்கி வச்சாச்சான்னு!”

உண்மைதான். கேட்பார். எனக்கும் காதில் விழுந்திருக்கிறது.

1 அக்டோபர்

சித்தையன் பஸ்ஸை எடுக்க வந்தார். திடீரென்று தோன்றிக் கேட்டேன்: “அந்த பனியன் துணி எதுக்கு?”

“அது தண்ணி குடிக்கற துணி மேடம். மழைன்னா மேல இருந்து கசியும். நனைஞ்சதும் புழிஞ்சுட்டு மறுபடி செருகிக்குவேன்.”

“எத்தனை நாளா?”

“வண்டி எடுத்த நாள்லேர்ந்து. உங்க ஷெட் வண்டி எல்லாத்துலயும் உண்டே.”

“ஏன் ஒருத்தரும் சொல்லலை?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “இதைப் போய் என்னன்னு சொல்றது? பஸ்ஸுன்னா ஒழுகும்.”

3 அக்டோபர்

கொக்கிகளை எடுத்துவிட்டு, ஓட்டைகளின் மேல் டேப் வைத்துத் தகட்டுத் துண்டு ரிவெட் அடித்தோம். நெற்றிப் படுக்கையின் பலகையைக் கழற்றினால் உள்ளே தெர்மோகோல் ஊறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் மாற்றினோம். சட்டத்தை வெயிலிலும் ஃபேனிலும் உலர்த்தினோம். அத்தான் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து பலகை அறுத்துக் கொடுத்தார்.

கொக்கியை பம்பருக்கு மாற்றச் சொன்னேன். தொட்டையனுக்கு மனசில்லை.

“நெத்தில கட்டறதை கால்ல கட்டச் சொல்றீங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்தான். “கன்னு உயரமா வாங்கிட்டா கால்ல கட்டினாலும் நெத்தி வரைக்கும் வரும். ஆயித்து, சரி விடுங்க.”

சோப்பு போட்டுப் பார்த்தோம். எங்கேயும் நுரையில்லை.

7 அக்டோபர்

நாலு மணிக்கு நல்ல மழை, இடியோடு. வண்டியைத் திறந்த வெளிக்கு எடுக்கச் சொல்லி, நெற்றிப் படுக்கையில் ஏறிப் படுத்தேன். முகத்துக்கு மேலே ஒரு முழத்தில் மழை அடிக்கிறது. ஒரு சொட்டு இல்லை. அலமாரிப் பலகை காய்ந்த பலகையாக இருந்தது.

மழை விட்ட பிறகும் இறங்க மனமில்லை. அத்தான் கதவைத் தட்டி, “தூங்கிட்டியா?” என்றார்.

9 அக்டோபர்

வண்டி போயிற்று. நாளைதான் ஆயுத பூஜை. ஆனாலும் தொட்டையன் இன்றே கன்று கட்டிவிட்டான், பம்பரில். இலை நெற்றியைத் தொட்டது. மகேஸ்வரி மருந்துப் பெட்டிகளைத் தன் கையாலேயே அடுக்கினாள். கிளம்பும்போது, “மழை வந்தா உங்களை நெனச்சுக்குவேனுங்க,” என்றாள். “நனைஞ்சா திட்டுவேனுங்க,” என்றும் சொன்னாள்.

அத்தான் சந்தோஷமாக இருந்தார். “நல்ல வண்டியோட முடிச்சோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன். பேப்பரை எடுத்து வை.”

11 அக்டோபர், சனி

ஊரே தசரா ஊர்வலத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் அக்ரஹாரத் தெருவில் ஆளில்லை. பாண்டு சத்தம் மட்டும் விட்டு விட்டு வருகிறது.

எங்கள் பஸ்கள் குண்டலுபேட்டைக்கும் நஞ்சன்கூட்டுக்கும் கொள்ளேகாலுக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு துணி. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக வரவழைத்துக் கொக்கியை இறக்க வேண்டும். பண்டிகைக்குப் பெயின்ட் அடிக்க வரும்போது செய்துவிடலாம். டைல்ஸ் குடோனில் அது நடக்காது.

அது மட்டும்தான் காரணமா? இல்லை. அந்த நுரையைப் பார்த்தபோது ரோனி நினைவே வரவில்லை. இன்னும் என்னென்ன இப்படி வரைபடத்தில் இல்லாமல் இருக்கிறது என்றுதான் மனசில் ஓடியது. அது என் புத்தி. என் தொழில்.

இன்று ஒரு தாள் எடுத்து பஸ்ஸின் முகம் வரைந்தேன், பம்பரில் இரண்டு கொக்கிகளோடு. மூலையில் என் பெயரை எழுதினேன்.

நாளை கையெழுத்துப் போடப் போவதில்லை. அத்தான் வருத்தப்படுவார்; கோபம்கூட வரலாம். அவர் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும், ஷெட்டில் இனி நான் நின்றுகொள்கிறேன். இதை எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அந்த முட்டியோடு அவரை என் மாடி வீட்டுக்கு ஏற விடக் கூடாது. காலையில் கீழ் வராந்தாவில் நாற்காலி போட்டு வைக்க வேண்டும்.