நீ இழுக்காத கயிறு

இன்று காலை நாலு முக்குளிப்பு உடைகளைக் கழுவி வெயிலில் விரித்தேன். உப்பில் ஊறிய ரப்பர் சூடேறியதும் ஒரு நாற்றம் எழும்புமே, அதோடு நீயும் வந்தாய். கோட்டுகால் ஊரில் முக்குளிப்பவர்களின் காற்றுச் சிலிண்டர் நிரப்பும் இயந்திரத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீ செத்த பிறகு கிடைத்த வேலை.

நீ கடற்கரைக்காரன், நான் பாறசாலைக்காரன்; பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. நீ பாதியில் விட்டுக் கடற்படைக்குப் போனாய். பிறகு அதன் சிறப்புப் படைத் தேர்வுக்கு அழைப்பு வந்து, ஒரு மாத விடுப்பில் உன் ஊர் காஞ்சிரங்குளம் வந்தாய். மூச்சடக்கிப் பழக வேண்டும் என்று உன் அப்பாவின் வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு சிப்பிப் பாறைக்குப் போவாய்.

"அந்தப் படையில என்னத்தலே செய்யணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கப்பலுக்க அடியில போய் வெடி ஒட்டணும். ஓடுற கப்பல்ல ஏறணும். அதுக்கு மின்ன, ஒறக்கமில்லாம மூட்டை சுமக்கணும். தொடையளவு சேத்துல இழைஞ்சு போய், கை நடுங்க நடுங்கச் சுடணும். குறிப்பலகைக்குப் பக்கத்துல நிக்கது நம்ம கூட்டாளியாக்கும்."

"குறி தப்பினா?"

"ஒன்ன மாதிரி கூட்டாளின்னா சாரமில்ல மக்கா, போனாப் போட்டும்."

நானும் சிரித்தேன்.

உங்கள் கரையில் சிப்பி எடுப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. இறங்கும் முன் ஆறேழு தடவை வேகமாக மூச்சை இழுத்து ஊதுவார்கள். இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். கீழே இருப்பவன் இரண்டு முறை இழுக்காமல் மேலே இருப்பவன் தூக்கக் கூடாது. தூக்கினால் கீழே போனவனுக்கு அவமானம்.

அப்படி ஊதக் கூடாது என்று கடற்படையிலேயே உனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்கு அறிவிப்பது கரியமில வாயு. அதை ஊதித் தள்ளிவிட்டால் எச்சரிக்கையே வராது, நேராக மயக்கம்தான். "எனக்க அப்பன் பாடம் படிச்சா சிப்பி எடுத்தாரு?" என்றாய்.

ஒரு நாள் பயந்து, ஒன்றரை நிமிடத்திலேயே தூக்கிவிட்டேன். நீ வெறும் வலைப்பையோடு மேலே வந்து, பக்கத்து வள்ளங்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாய்: "எலே டிப்ளமோ! பாறசாலைக் கெணத்துல வாளியா எடுக்க?" அந்த வாரம் முழுக்க உன் கரை என்னை 'வாளி' என்றுதான் கூப்பிட்டது.

அடுத்த சனிக்கிழமை பகல் பத்து மணி. ஊதினாய், இறங்கினாய். இரண்டு நிமிடம் ஆனது, மூன்றும் ஆனது. கயிறு அசையவில்லை. நான்கை நெருங்கும்போது தூக்கினேன். உன் உதடு நீலமாக இருந்தது. கரை வரும்வரை நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதிக்கொண்டே வந்தேன். பலனில்லை.

அடக்கத்துக்குப் பிறகு உன் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவன் கயிறு இழுத்தானா?"

"இல்ல மாமா."

"இழுக்காம நீ எப்பிடித் தூக்குவ? ஒனக்க மேல தப்பில்ல மக்கா." என் தலையில் கை வைத்தார். நான் தலையை நகர்த்தவில்லை.

போன வாரம் அவருக்குக் கயிறு பிடிக்கும் கூட்டாளிக்குக் காய்ச்சல். "நீ வந்து பிடி, ஒனக்கு மொறை தெரியும்" என்று கூப்பிட்டார். போனேன். அவரும் உன்னைப் போலவே ஊதிவிட்டு இறங்கினார். ஒரு நிமிடம் தாண்டியதும் இழுத்துவிட்டேன்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். "ஏம்ல தூக்கின?"

சொன்னேன். கரியமில வாயு, மயக்கம், எல்லாம்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"படிக்கும்போதே தெரியும்."

அலை இரண்டு முறை அவரைத் தூக்கி இறக்கியது. "அப்ப அன்னைக்கு ஏன் தூக்கல?"

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் மடியில் எறிந்தார். அதேபோல ஊதிவிட்டு, கயிறில்லாமல் மறுபடியும் இறங்கினார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏறி வந்தவர் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். வள்ளத்தை மணலில் ஏற்றிய பிறகு, "இனி இங்க வரப்பிடாது" என்றார்.

நான் முறைக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தேன் என்று உன் கரை நம்பியது. பயத்தில் உறைந்துபோனேன் என்று இனி அவர் நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லை. மூன்று நிமிடம் கடந்தபோது, கீழே ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயே இழுத்துக் கெஞ்சட்டும், வாளி என்றாய் அல்லவா என்று கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா கேட்டதற்கு அதுதான் பதில். அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.