உலோகத்தின் சோர்வு என்னுடையதன்று

அனுப்புநர்:
ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பித்தவள்,
மாடி வீடு,
பேருந்துப் பணிமனை ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

பொருள்: திடப்பொருள் விசையியல் மற்றும் பொருட்பொறியியல் ஆய்வகம் – ஆராய்ச்சி இடம் – உலோகத்தின் சோர்வை விண்ணப்பதாரரின் சோர்வாகக் கொண்டு அளிக்கப்பட்ட ஓராண்டு ஓய்வை ரத்து செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்படி ஆய்வகத்தின் நேர்முகத் தேர்வில் நான் முதலாவதாகத் தேர்வானேன். ஆனால் பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ஆணை, நான் உடலாலும் மனத்தாலும் தளர்ந்திருப்பதாகவும், ஓராண்டு நன்றாக ஓய்வெடுத்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும், விரைவில் நலம்பெற வாழ்த்துவதாகவும் கூறுகிறது. வாழ்த்துக்கு நன்றி. எனக்கு ஒன்றுமில்லை, ஐயா.

2. நடந்தது இதுதான். இணையத்தில் நான் நிரப்பிய விண்ணப்பம் தங்கள் அலுவலகத்தில் அச்சானபோது, விடைகள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. அதனால் 'ஆய்வு செய்ய விரும்பும் பொருள்' என்ற இடத்தில், மேல் வரியில் இருக்க வேண்டிய என் தந்தையின் தொழில், அதாவது 'பேருந்து ஓட்டுநர்', வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஆய்வுப் பொருளாக எழுதிய 'சோர்வு, முறிவு, தளர்வு' மூன்றும் 'உடல்நலக் குறைகள்' என்ற இடத்துக்குப் போய், ஆணையிலும் அப்படியே ஏறிவிட்டன. இவை மூன்றும் உலோகங்களுக்கு வருபவை. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கினால் இரும்பு சோர்கிறது, சோர்ந்தால் ஒருநாள் முறிகிறது. இதைப் படிப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை.

3. ஆணை வீட்டுக்கு வந்த அன்றே செய்தி பரவிவிட்டது. சித்தி பழப்பையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'முறிவு'ன்னு போட்டிருக்கே, யாருடி அந்தப் பையன் என்று கேட்டுக் கண்கலங்கினார். அவரைச் சமாதானப்படுத்தியதில்தான் எனக்கு உண்மையாகவே சோர்வு வந்தது. இதை மருத்துவக் காரணமாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4. இந்த ஆய்வுக்கு நான் ஏன் வந்தேன் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். என் அப்பா பயணிகளை இறக்கிவிட்டுப் பணிமனை வாசலில் வண்டியைத் திருப்பியபோது, பின் ஆக்சில் இரண்டாக முறிந்தது. யாருக்கும் அடியில்லை. பள்ளத்தில் கண்மண் தெரியாமல் விட்டிருக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அதன்பின் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. முறிந்த துண்டு தங்கள் ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்குப் போனது. முடிவு கேட்கப் போன அப்பாவுக்குத் துணையாக நானும் போனேன். அப்போது நான் இயந்திரப் பொறியியலில் முதுநிலை முடித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில் விலைப்புள்ளி தயாரித்துக்கொண்டிருந்தேன்.

5. ஆய்வகத்தின் பேராசிரியை அந்த ஆக்சிலின் முறிந்த முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஓரத்தில் நகம் பட்டாற்போல ஒரு கீறல். அதைச் சுற்றி, குளத்தில் கல் விழுந்தாற்போல வளைவு வளைவாகக் கோடுகள். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். அந்த வளைவுகளுக்குள்ளும் எண்ணி மாளாத மெல்லிய வரிகள் இருந்தன. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது விரிசல் ஒரு வரி நகர்ந்திருக்கிறதாம். ஐயா, அந்த வண்டியில்தான் நான் கல்லூரிக்குப் போய்வந்தேன். மழையில் நனைந்து ஏறிய நாளும், தாமதமாக ஓடிவந்து அப்பாவிடம் முறைப்பு வாங்கிய நாளும் அந்த இரும்பு முகத்தில் எங்கோ பதிந்திருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரும்பு சும்மா கிடக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளா இத்தனையும் வாங்கிக்கிட்டா நம்மளத் தாங்கிட்டு இருந்துச்சு என்றார். குற்றம் ஓட்டுநருடையதல்ல என்று அறிக்கை வந்தது. அவருக்கு வேலையும் வாயும் திரும்பக் கிடைத்தன.

6. அன்றே இன்னொன்றும் காட்டினார்கள். ஒரு சிறு உலோகத் துண்டை இழுவை இயந்திரத்தில் மாட்டி, அதன்மேல் ஓர் உணரியை ஒட்டி ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். கண்ணுக்குத் துண்டு அசையவே இல்லை. காதில் மட்டும், அடுப்பில் உப்பு பொரிவதுபோல் சடசடவென்று கேட்டது. உள்ளே விரிசல் நகரும்போதெல்லாம் உலோகம் குரல் கொடுக்கிறது. நமக்குத்தான் காது போதவில்லை. வீடு திரும்பும் வழியில் பாலத்தின் கைப்பிடி, மின்கம்பம், மாடிப்படியின் கம்பி என எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பாவும் தொட்டார். அடுத்த மாதம் விலைப்புள்ளி வேலையை விட்டேன்.

7. தங்கள் ஆணைப்படி நான் பல்கலைக்கழக மருத்துவ அலுவலரையும் போய்ப் பார்த்தேன். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, மனத்தில் ஏதேனும் பாரமா என்று கனிவாக விசாரித்தார். விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, அது என்ன வரி, நானும் பார்க்கலாமா என்று என்னோடு ஆய்வகத்துக்கே வந்தார். நுண்ணோக்கியிலிருந்து அவரை எழுப்புவதற்குள் அவருடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் தந்த சான்றை இணைத்துள்ளேன். ஆனால் ஒருமுறை பிறப்பித்த ஆணையைத் தாங்கள் மட்டுமே மாற்ற முடியும் என்று தங்கள் அலுவலகப் பிரிவில் கூறுகிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் சேராவிட்டால் இந்த ஆராய்ச்சி இடமே இல்லாமல் போகும்.

8. அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை, ஓடுகிற பேருந்தின் இரைச்சலுக்கு நடுவில் ஆக்சிலின் குரலைப் பிரித்துக் கேட்பது. முறிந்த ஆக்சிலோடு ஒரே தொகுதியில் செய்தவை இன்னும் பல வண்டிகளில் இருக்கின்றன. மாற்று ஆக்சில்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகின்றன. வழக்கமான சோதனையில் சின்ன விரிசல் சிக்குவதில்லை. உணரி பொருத்தப் பணிமனை சம்மதித்துவிட்டது, ஆய்வகத்தில்தான் ஆளில்லை.

9. ஆகவே, ஓய்வாணையை ரத்து செய்து, வெள்ளிக்கிழமைக்குள் என்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். அப்பாவுக்கு இப்போது கொடுத்திருக்கும் வண்டியிலும் அதே தொகுதி ஆக்சில்தான் இருக்கிறது. இந்த மனுவைத் தங்களிடம் நேரில் தர நாளைக் காலை அந்த வண்டியில்தான் வருகிறேன். பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்கார்ந்து வருவேன். கேட்பதற்கு இப்போதைக்கு என்னிடம் வெறும் காதுதான் இருக்கிறது.

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
நலமாக இருக்கும் விண்ணப்பதாரர்

இணைப்பு: மருத்துவ அலுவலரின் சான்று