பின்னால் நின்ற ராணி

12 ஜனவரி 2014, ஞாயிறு

ஞாயிறுதோறும் என்னோடு சாப்பிட வரும் தோழி பேர்ணடெற், கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் செஸ் கணினி நிரலை ஒரு கை பார்த்தேன். தேவையில்லாத ஆறு வரிகளை நீக்கினேன். இப்போது காற்றாய்ப் பறக்கிறது. அவளிடம் சொல்ல நினைத்தேன். சாப்பிட்டபடி கதைத்ததில் மறந்துபோயிற்று.

8 மார்ச், சனி

தோற்றுவிட்டோம். ஹெவ்லொக் டவுனில் எங்கள் செஸ் கழகத்தின் பயிற்சி ஆட்டம், நிரலுக்கு எதிராக நிரல், இருபது பேர் பார்க்க. இன்னும் நம்ப முடியவில்லை.

ஒரே கட்டத்தில் மாறி மாறி வெட்டிக்கொண்டால் கடைசியில் யாருக்கு லாபம் என்று பார்க்கும் பகுதி பேர்ணடெற் எழுதியது. அதை நம்பி எங்கள் மந்திரி சிப்பாயை வெட்டியது. அவர்கள் கோட்டை மந்திரியை வெட்ட, எங்கள் கோட்டை அதை வெட்டியது. லாபம் என்று நான் சிரிக்கும்போதே, அவர்கள் கோட்டைக்குப் பின்னால் நின்ற ராணி வந்து எங்கள் கோட்டையைத் தூக்கியது. ராணி அங்கே நிற்பதையே எங்கள் நிரல் எண்ணவில்லை!

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "பின்னுக்கு நிக்கிறதை எண்ணோணும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பேர்ணடெற்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் எழுதினனான், பகவதி. வடிவாய்ப் பார்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

9 மார்ச்

நான்கு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. பிழை விட்டவளுக்கே இவ்வளவு கோபமா?

10 மார்ச், திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

திருத்துவதற்காக நிரலின் பழைய பதிப்புகளைத் திறந்தேன். எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று அதில் பதிந்திருக்கும். அவள் எழுதித்தான் இருக்கிறாள், டிசம்பரிலேயே. முன்னால் நிற்கும் காய் வெட்டப் போனதும் அதன் பின்னால் யார் என்று பார்க்கும் ஆறு வரிகள்.

நீக்கியவர்: பகவதி. 12 ஜனவரி.

இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். என் கையெழுத்துத்தான். காற்றாய்ப் பறக்கிறதாம். ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்? அத்தனை பேருக்கு முன்னால அவளை —

11 மார்ச்

கழகத்தார் எல்லோருக்கும் எழுதினேன், அவளுக்கும். பிழை என்னுடையது, அவளுடையது அல்ல என்று. கழகச் செயலாளர் இராசரத்தினம் நன்றி சொல்லிப் பதில் போட்டார். அவள் போடவில்லை.

23 மார்ச், ஞாயிறு

மத்தியானம் இரண்டு தட்டு வைத்துவிட்டேன். ஒன்றை எடுத்து வைக்க அழுகை வந்தது.

2 ஓகஸ்ட், சனி

கழகத்தின் போட்டி. முதல் சுற்றில் எதிராளியின் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். பேர்ணடெற். தனியாக ஒரு நிரல் எழுதி வந்திருக்கிறாள்.

அந்த ஆறு வரிகளை நான் திரும்பப் போட்டிருந்தேன். அவளுடையதிலும் இருந்திருக்கும். நடுவில் ஒரு கட்டத்தை இரண்டு பக்கமும் நாலு நாலு காய்கள் குறிவைத்து நின்றன. யார் முதலில் வெட்டினாலும் வெட்டியவருக்கே நட்டம். முக்கால் மணி நேரம் ஒருவரும் வெட்டவில்லை. அதே நிலை மூன்றாம் தரமும் வந்து ஆட்டம் சமனாயிற்று.

கணினியை மூடிக்கொண்டே கேட்டாள். "திருப்பிப் போட்டுட்டியோ?"

"ஓம்."

"மெதுவாய்த்தான் ஓடும்."

"ஓடட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. புறப்படும்போது, ஞாயிற்றுப் பூசையைக் காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு இரண்டு தட்டு வைப்பேன்.