மாநாட்டுக்கு முந்தின மழை

ஐப்பசி, வியாழன் இரவு.

வறட்சி மாநாட்டுக்கு வெளியூர் விவசாயிகள் நாளைக் காலை பஸ்ஸில் பரளச்சிக்கு வந்து இறங்குவார்கள். அவர்களைத் தங்க வைக்கிற பொறுப்பு என்னுடையது. வீட்டுக்கு இரண்டு பேரை வைத்துச் சோறு போடுவதாக ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. இந்த ஐப்பசியிலும் மழை வராது, எல்லோரும் வீட்டில்தான் கிடப்பார்கள் என்று நம்பித் தேதி குறித்தோம்.

நேற்று கொட்டிய மழை இன்று காலைதான் விட்டது.

வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டுக் கருப்பையாதான் முகத்துக்கு நேரே சொன்னான்.

“தப்பா நினைக்காதீகண்ணே. ஈரம் காயிறதுக்குள்ள பருத்தி போடணும். பொம்பளையாளுக உள்பட விடியவே காட்டுக்குப் போறோம். பூட்டின வீட்டுல விருந்தாளிய எப்படி வைக்க?”

பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. பந்தல் சாய்ந்து கிடக்கிறது. வருகிறவர்களை நான் எங்கே படுக்க வைப்பேன்?

வீட்டுக்கு வந்தால், என் மனைவி விதைப் பருத்தியைக் கதவோரம் எடுத்து வைத்திருக்கிறாள்.

“நாளைக்குக் காட்டுக்கு வாரீகளா, மாநாடுதானா?” என்றாள். பாயை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, எழுந்து எழுதுகிறேன்.

மூன்று வருஷமாக வானத்தைப் பார்த்துக் கிடந்தவன், ஏன் பெய்தாய் என்று இன்று கேட்கிறேன். அவள் காதில் விழக் கூடாது. சாமி காதிலும் விழ வேண்டாம்.