சாக்குக்குள் வரைந்த முகம்

இன்று காலை கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் அச்சு மையின் நெடி. உன் படக்கதையின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படி. நீ போய்ச் சேர்ந்துவிட்டதால் முன்னுரையை என்னை எழுதச் சொல்கிறார் பதிப்பாளர். நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அந்த முகம் அப்படியே இருக்கிறது.

நம் ஊர் ஏரிக்கரையில் வளர்ந்த நீ, போர்க்காலத்து ஈழத்தில் ஒரு சின்னத் தீவை நன்றாகவே வரைந்தாய். அதை மறுக்கமாட்டேன். ஆனால் கதை ஜெபநேசனுடையது. அகதியாக வந்து, நம் பக்கத்து முகாமில் தங்கி, வீடுகளுக்கு பெயிண்ட் அடித்துப் பிழைப்பவர். அவர் சொல்லும்போது நானும் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். ராணுவம் தீவின் ஆண்களை மாதா கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியது. தலையில் சாக்கு மாட்டிய ஒருவனை எதிரே கொண்டுவந்தார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவர்களை வண்டியில் ஏற்றினார்கள். ஜெபநேசனின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. சாக்குக்குள் இருந்தவன் யாரென்று தீவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீ கடைசிப் பக்கத்தில் சாக்கைக் கழற்றினாய். உள்ளே ஜெபநேசனின் முகம்.

எதிரே ஒரு முகம் இல்லாமல் உன் கை ஓடாது. திரௌபதியம்மன் திருவிழாவில் படுத்துக் கிடக்கும் துரியோதனன் மண் உருவத்துக்கு, ஒரு வருஷம் கறிக்கடைக்காரரின் முகத்தைத் தீட்டினாய். அவர் வந்து பார்த்தார். "இன்னாபா, என்னியே படுக்க வெச்சிட்டியா? பீமன் வந்து தொடைய ஒடிச்சா நாளைக்குக் கடைய யாரு தொறக்கறது?" என்றார். ஊரே சிரித்தது. அன்று நானும் சிரித்தேன். அந்த விளையாட்டைத்தான் தீவுக்கும் கொண்டுபோனாய். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

புத்தகம் வெளிவந்த சமயத்தில், தீவுக்கே திரும்பிப் போக ஜெபநேசன் பேப்பர்கள் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அங்கே இருக்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "இப்ப வராதை, தம்பி. இஞ்ச பெடியள் அந்தப் படத்தைப் பாத்திட்டாங்கள்." தீவின் இளைஞர்கள் அவரையே காட்டிக்கொடுத்தவன் என்று நம்பிவிட்டார்கள். பெட்டியை மறுபடி பரண் மேல் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். ஒன்றுதான் கேட்டார்: "நான் சொன்ன கதைதானே? சாக்குக்குள்ள என்னை ஏன் வைச்சவர்?"

அன்றே உன் வீட்டுக்கு வந்தேன். நீ தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை.

"கதைக்கு ஒரு மூஞ்சி வேணும்பா. அவரு மூஞ்சி நல்லா கீது."

"திருப்பி சாக்கை மாட்டு."

"மாட்டுனா பக்கம் செத்துடும். நீ நியூஸ் எழுதறவன், உனக்கு இது பிரியாது."

எது புரியாது? கூட்டத்தில் ஒருவனைக் காட்டி 'இவன்தான்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது ஒரு நிருபனுக்குப் புரியாதா? தலையாட்டியவனாவது துப்பாக்கிக்குப் பயந்து ஆட்டினான். உனக்கு என்ன பயம்? பக்கம் அழகாக வரவேண்டும், அவ்வளவுதானே.

உன் இரங்கல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. வந்தவர்கள் உன்னை மனிதநேயக் கலைஞன் என்றார்களாம்.

பார்சல் வந்ததும் உன் மனைவியிடம் போய் அந்த ஒரு படத்தை மாற்ற அனுமதி கேட்டேன். "அவரு போட்ட கோட்ட நான் அழிக்கச் சொல்லமாட்டேன், அண்ணா. எங்கிட்ட மிச்சம் அதான் கீது" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளரும் படத்தில் கைவைக்க முடியாது என்றார். முன்னுரையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமாம்.

எழுதிவிட்டேன். கடைசிப் பக்கத்து முகம் பொய், அது அண்ணனைப் பறிகொடுத்தவரின் முகம் என்று எழுதியிருக்கிறேன். உன்னைப் பாராட்டி ஒரு சொல் இல்லை. மாலையில் முகாமுக்குப் போய் ஜெபநேசனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "படம் பாக்கிற ஆக்கள் இதைப் படிப்பினமே?" என்றார்.

படம் பார்க்கிறவர்கள் முன்னுரையைப் படிப்பார்களா? நீ உயிரோடு இருந்தால் உன்னை இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தி, பதில் சொல்லு என்றிருப்பேன். செத்துத் தப்பித்துக்கொண்டாய். அந்தக் கேள்வியோடு நான்தான் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.